டோக்கியோவிலிருந்து ஹகோனே: ஒரே நாளில் போய்வர முடியுமா?

நீலக்குடை:
ஜூன் கடைசி வாரம் அம்மாவோடு டோக்கியோ போகிறேன். நடுவில் ஒரு நாள் பக்கத்து மலைப்பகுதியான ஹகோனே போய்வர ஆசை. மலை ரயில், ரோப்கார், ஆஷி ஏரியில் கப்பல், கந்தகப் புகை கிளம்பும் ஓவாகுதானி, தண்ணீரில் நிற்கும் சிவப்புத் தோரணவாயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார்கள். அம்மாவுக்கு 66 வயது, நன்றாக நடப்பார், ஆனால் வீசிங் உண்டு, இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கும். எப்படிச் சுற்றுவது? அங்கிருந்து ஃபுஜி மலை கண்ணில் படுமா?

மலைரயில்:
முடியும், ஆனால் காலை 7 மணிக்கெல்லாம் டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுங்கள். ரொமான்ஸ்கார் என்கிற எக்ஸ்பிரஸ் ரயிலில், மலை ரயிலுக்கு மாறும் ஹகோனே-யுமோட்டோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஹகோனேயின் ரயில், பஸ், ரோப்கார், கப்பல் எல்லாவற்றுக்கும் சேர்த்த ஹகோனே ஃப்ரீபாஸ் இருந்தாலும் ரொமான்ஸ்காருக்குத் தனிக் கட்டணம் உண்டு. பாஸ் குறைந்தது 2 நாளைக்குத்தான் கிடைக்கும், முழுச் சுற்றும் சுற்றாவிட்டால் தனித்தனி டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஜூன் மழைக்காலம், ஃபுஜியை நம்பிப் போகாதீர்கள். ஆனால் அந்த மாதம் யுமோட்டோவிலிருந்து கோரா வரை ஏறும் மலை ரயில் பாதை முழுக்க ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கும், கிளைகள் ஜன்னலை உரசுகிற மாதிரி வரும். 1919-இல் ஓட ஆரம்பித்த ரயில் அது. 1000 மீட்டருக்கு 80 மீட்டர் ஏற்றம் என்பதால் மூன்று இடத்தில் நின்று, திசை மாறி ஏறும். ஓட்டுநரும் கண்டக்டரும் இறங்கி, எதிரெதிரே நடந்து இடம் மாறிக்கொள்வார்கள். வளைவுகளில் எண்ணெய் போட்டால் சக்கரம் வழுக்கும் என்று தண்ணீர் தெளித்துக்கொண்டே போவார்கள். எனக்கு ஹகோனே என்றால் அந்த ரயில்தான்.

ஆவாரம்பூ:
வீசிங் என்று எழுதியதைப் பார்த்துத்தான் பதில் போடுகிறேன். ஓவாகுதானியில் வருவது வெறும் நீராவி இல்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடும் சல்ஃபர் டை ஆக்சைடும் கலந்த எரிமலை வாயு. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். என் அக்காவுக்கும் இதே தொந்தரவு. பத்து நிமிஷம்தானே என்று இறங்கினோம், துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு அவள் இருமிய இருமலில் அங்கே வெந்நீர் ஊற்றில் வேகவைத்து விற்கும் கறுப்பு முட்டை வாங்குவதை விட்டுவிட்டு அடுத்த ரோப்காரில் ஏறிவிட்டோம். தயவுசெய்து அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள்.

அதற்குப் பதில், அந்த மலை ரயிலில் சோகோகு-நோ-மோரி ஸ்டேஷன் வரை போய்த் திறந்தவெளிச் சிற்பக்கூடம் பாருங்கள், புல்வெளியில் அம்மா நிதானமாக நடக்கலாம். அப்புறம் ஒரு ஸ்டேஷன் கீழே கோவாகிதானியில் இறங்கி, ஏரிக்கரையில் தோரணவாயில் இருக்கும் மோட்டோஹகோனேவுக்கு பஸ். தோரணவாயிலில் படம் எடுக்க வரிசை நீளமாக இருக்கும், தள்ளி நின்று பார்த்தாலே அழகுதான். அங்கிருந்து கப்பலில் ஏரியின் மறுமுனையான தோகெண்டாய், பிறகு நேராக யுமோட்டோவுக்கு பஸ். ஓவாகுதானி வழியாகப் போகும் ரோப்கார் பக்கமே போக வேண்டாம்.

நீலக்குடை:
ரொம்ப நன்றி. அந்த முட்டை ஒன்று தின்றால் ஆயுள் 7 வருஷம் கூடுமாம் என்று அம்மா ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பரவாயில்லை, ஓவாகுதானியை விட்டுவிட்டோம். ரயிலில் முதல் பெட்டியா, கடைசிப் பெட்டியா?

மலைரயில்:
எதுவானாலும் சரி. மூன்று தடவை திசை மாறுவதால் எந்த முனையில் நின்றாலும் கொஞ்ச நேரமாவது நீங்கள்தான் முன்னால் இருப்பீர்கள்.