சமூக ஊடகத்துல நம்ம பதிவை மட்டும் அமுக்குறாங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர்:
செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். டிஸ்பிளே போச்சு, சார்ஜ் நிக்கலன்னு வர்றவங்க எப்பவும் உண்டு. தேர்தல் வந்தா மட்டும் புதுசா ஒரு ரிப்பேர் வரும்: "அண்ணே, நான் போடுற போஸ்ட் யாருக்கும் போக மாட்டேங்குது, என்னன்னு பாருங்க."

2024 எம்.பி. தேர்தல் சமயம் செல்லூர்க்காரர் ஒருத்தர் வந்தார். சூரியன் கட்சி. டெல்லியில சொல்லி அமுக்கிட்டாங்களாம். அதே வாரம் அவரோட மச்சான் வந்தார், இலைக் கட்சி. இங்க ஆளுங்கட்சி காசு குடுத்து அமுக்குதாம். ரெண்டு பேரும் ஒண்ணா வந்த ஒருநாள், ரெண்டு போனையும் கவுண்டர்ல பக்கத்துல பக்கத்துல வச்சுத் தள்ளிப் பாத்தேன். சூரியன்காரர் போன்ல பூரா இலைக்காரங்க, மச்சான் போன்ல பூரா சூரியன்காரங்க. ஏன்னா ரெண்டு பேருமே ராத்திரி பூரா எதிர்க்கட்சிப் பதிவுக்குக் கீழ போய்ச் சண்டை போடுறவங்க. யாருக்கு எதைக் காட்டுறதுன்னு முடிவு பண்ற அல்காரிதம், நீங்க திட்டுறீங்களா பாராட்டுறீங்களான்னா பாக்குது? நின்னு படிச்சீங்களா, பதில் போட்டீங்களா, அவ்வளவுதான் கணக்கு. சரி, இவங்க சொந்தமா என்ன போடுறாங்கன்னு பாத்தா, தலைவர் பிறந்தநாள் வாழ்த்து, வருக வருக. மதுரையில போஸ்டர் ஒட்டுனவனே அதைத் திரும்பிப் பாக்க மாட்டான், அங்க மட்டும் யார் பாப்பா?

விளக்கிச் சொன்னேன். செல்லூர்க்காரர் மச்சானைப் பாத்து, "இவரும் உங்க கட்சிதானா?"ன்னார். மச்சான், "நான் உங்க கட்சின்னுல நெனச்சேன்"ன்னார்.

நாகமலையிலிருந்து ஒரு ஆசிரியர்:
உங்கள் கவுண்டரில் நடந்ததை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாகச் செய்து 1985-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். 1982-இல் லெபனானின் பெய்ரூட் நகரில் பாலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்டது பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது ஒரே செய்தி. இரு தரப்பும் அது தங்களுக்கு எதிரானது என்றார்கள். அப்போது அல்காரிதம் எங்கே இருந்தது? வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். அடுத்த நிமிடமே ஒருவன் எழுந்து, "ஆனா சார், எங்க கட்சியை நெஜமாவே அமுக்குறாங்க" என்பான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சமூக ஊடகங்கள் அரசியல் கருத்துகளை வேண்டுமென்றே தணிக்கை செய்வதாக நினைக்கிறீர்களா என்று 2020-இல் பியூ ஆய்வு மையம் கேட்டது. குடியரசுக் கட்சிப் பக்கம் 90 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். ஜனநாயகக் கட்சிப் பக்கமும் 59 சதவீதம்.

சிம்மக்கல்:
எல்லாம் மனப்பிரமைன்னு முடிச்சிடாதீங்க. ட்விட்டர் கம்பெனியே 2021-ல 7 நாட்டுக் கணக்கை எடுத்துப் பாத்துச்சு. ஜெர்மனி தவிர 6 நாட்டுலயும் வலதுசாரி அரசியல்வாதிங்க பதிவைத்தான் அவங்க அல்காரிதம் கூடுதலாத் தூக்கிவிட்டிருக்கு. ஏன்னு அவங்களுக்கே சொல்லத் தெரியல. 2023-ல அவங்க அல்காரிதத்தோட புரோகிராம் கொஞ்சம் வெளிய வந்தப்ப, பதிவு எழுதினவர் அமெரிக்காவோட அந்த ரெண்டு கட்சில எந்தக் கட்சின்னு பிரிச்சு எண்ண ஒரு வரி அதுல இருந்துச்சு. எண்ணிப் பாக்க மட்டும்தான்னாங்க, அப்புறம் எடுத்துட்டாங்க. சந்தேகப்படுறவனைப் பைத்தியக்காரன்னு எப்படிச் சொல்றது?

வைகையில சாக்கடை கலக்கிறதைப் படம் எடுத்துப் போடுற பக்கம் ஒண்ணு நடத்துறேன். ஒரு கூட்டம் சேந்து ரிப்போர்ட் அடிச்சு, பக்கம் பூட்டிக்கிச்சு. மேல்முறையீடு போட்டேன், கொஞ்ச நாள்ல தானாத் திறந்துச்சு. எதுக்குப் பூட்டினாங்க, எதுக்குத் திறந்தாங்க, ஒரு வரி விளக்கம் இல்ல. காரணத்தை வெளிய சொல்லட்டும், பாதிச் சந்தேகம் அன்னைக்கே போயிரும்.

உசிலம்பட்டி அக்கா:
எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல அல்காரிதமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வந்தது வந்தபடிதான் நிக்கும். அதுலயும் எங்க பெரியப்பா, "கம்பெனிக்காரனே என் மெசேஜைத் தூக்குறான், மேலிடத்து உத்தரவு"ன்னு சொல்லிட்டுத் திரியிறார். தூக்குறது சித்தி மகன், அவன்தான் அட்மின். யார் நீக்கினதுன்னு அதுலயே போட்டிருக்கு, பெரியப்பாவுக்குத்தான் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது. ஏண்டா தூக்குறேன்னு கேட்டா, "அவர் நம்ம தலைவரைத் திட்டுறார்க்கா"ங்கிறான். பெரியப்பாகிட்ட இதை யாரும் சொல்லல. சொன்னா பொங்கலுக்கு அவனை வாசப்படி ஏற விட மாட்டார். கம்பெனிக்காரன் மேலயே கோவமா இருந்துட்டுப் போகட்டும்.