காலநிலை மாநாட்டுக்கும் தனி ஜெட்டா?

கல்லடிக்காரன்:
போன கிழமை பெய்த மழைக்கு முற்றத்தில் இன்னும் முழங்கால் தண்ணீர், கதிரைக்கு மேல் கதிரை அடுக்கி நெல் மூட்டையை ஏற்றி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 2021 இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டுக்குத் தலைவர்கள் பலர் தனித்தனி ஜெட்டில் போய் இறங்கினார்களே, அந்தப் புகையை யார் கணக்கில் எழுதுவது?

வாவிக்கரை:
அப்போதைய பிரித்தானியப் பிரதமர் போரிஸ் ஜோன்சன் அங்கிருந்து லண்டனுக்குத் திரும்பியதும் விமானத்தில்தான். ரயிலில் நாலரை மணித்தியாலம் அளவில் போய்விடலாம். நாங்கள் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு அதைவிடக் கூடுதல் நேரம் குந்திக்கொண்டு போகிறோம் தம்பி! சாதாரண விமானப் பயணியோடு பார்த்தால், தனி ஜெட்டில் போகிறவருக்குத் தலைக்கு 5 முதல் 14 மடங்கு புகை என்கிறார்கள்.

வட்டைவிதானை, அம்பாறை:
சரி, ஆனால் உலகம் கக்கும் காபனீரொட்சைட்டில் எல்லா விமானங்களும் சேர்ந்தே இரண்டரை வீதம் அளவில்தான். நிலக்கரியை விட்டுவிட்டு ஜெட்டின் வாலைப் பிடிப்பதா? ஆட்கள் போகாவிட்டால் நம்மைப் போன்ற சின்ன நாடுகளுக்குப் பேச இடமே இல்லை. 2023 இல் துபாய் காலநிலை மாநாட்டில், காலநிலை அழிவால் அடிபடும் ஏழை நாடுகளுக்கு உதவும் இழப்பு, சேத நிதியத்தை இயங்கவைக்க இணங்கியதும் நேரில் குந்திப் பேசித்தான்.

கல்லடிக்காரன்:
போகட்டும் அண்ணன், எல்லாரும் போகிற விமானத்தில் ஒரு சீட் எடுத்துப் போகட்டும். மறுகா அந்த நிதியத்திலிருந்து நம்மட வயல் வட்டைக்கு ஒரு சதம் வந்தால் சொல்லுங்கள்.