புதிதாக வரும் ஒளிப்பட, ஓவிய, வடிவமைப்பு நூல்கள்: விவரக் குறிப்பை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கருவிழி:
வணக்கம். பத்துப் பதினைந்து பேர் மாறிமாறி எடுத்துப் பார்க்கும் வாசிப்பு அலமாரிக்கு ஆறேழு நூல்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதி ஒளிப்படம், மீதி ஓவியமும் வடிவமைப்பும். பதிப்பகங்களின் புது வெளியீட்டுப் பட்டியலைத் திறந்தால் எல்லாமே 'தவறவிடக் கூடாத நூல்'தான். நேரில் புரட்டிப் பார்க்க வழியில்லை; திரையில் காட்டும் நாலைந்து மாதிரிப் பக்கங்களோடு சரி. அச்சு நன்றாக இருக்குமா என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது? பழைய புகழ்பெற்ற நூல்களின் புதுப் பதிப்புகளை நம்பி வாங்கலாமா? பல கை படும் என்பதால் கட்டு பிரிந்துவிடக் கூடாது, அதுவும் முக்கியம்.

மைக்கூடு:
விளம்பர வாசகத்தைத் தாண்டி, கீழே பொடி எழுத்தில் இருக்கும் விவரக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். நூலின் அளவு, பக்கங்கள், படங்களின் எண்ணிக்கை, அச்சு முறை, கட்டு. இவற்றில் பாதியைக்கூடச் சொல்லாத பதிப்பகம் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். ஒளிப்பட நூல் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இதைப் பெருமையாகவே எழுதுவார்கள்.

பக்கத்தையும் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். 120 பக்கம், 60 படம் என்றால் விரித்த இரு பக்கத்துக்கு ஒரு படம், எதிர்ப்பக்கம் வெற்றாக இருக்கும். படத்தைப் படமாகப் பார்க்க அந்த அமைப்பு வசதி. 160 பக்கத்தில் 400 படம் என்றால் தபால்தலை அளவில் அடுக்கியிருப்பார்கள். தகவலுக்கு உதவும், பார்ப்பதற்கு உதவாது.

கறுப்பு வெள்ளை நூலில் கவனிக்க வேண்டிய சொல் டியோடோன் அல்லது டிரைடோன். ஆஃப்செட்டில் (மைக்கு ஒரு ப்ளேட் வைத்து அடிக்கும் வழக்கமான அச்சு முறை) ஒரே கறுப்பு ப்ளேட்டில் அடித்தால் நிழல் பகுதிகள் சாம்பலாக வெளுத்து நிற்கும். ஆழமும் வராது, நடுத்தொனிகளில் வழுவழுப்பும் இருக்காது. கறுப்போடு ஒரு சாம்பல் மையை இரண்டாவது ப்ளேட்டில் கொடுத்தால் டியோடோன், இரண்டு சாம்பல் என்றால் டிரைடோன். நான்கு வண்ண மையைக் கலந்து கறுப்பு வெள்ளைப் படம் அடிப்பவர்களும் உண்டு. அதில் மை ஓட்டம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஒரு பக்கம் பச்சை சாயும், அடுத்த பக்கம் சிவப்பு சாயும். மாதிரிப் பக்கப் படங்களில் இது தெரியாது, ஏனென்றால் பெரும்பாலும் அது அச்சிட்ட நூலின் படமே அல்ல, அச்சுக்குப் போன கோப்பின் படம். யாராவது நூலைப் புரட்டிக் காட்டும் காணொளி இருந்தால் அதைத் தேடிப் பாருங்கள்.

வண்ண நூல்களில் ஸ்கிரீன் வரியைப் பாருங்கள், அதாவது படத்தை உருவாக்கும் மைப் புள்ளிகள் ஓர் அங்குலத்துக்கு எத்தனை வரிசை என்ற கணக்கு. நாளிதழ் 85 முதல் 100 வரி ஸ்கிரீனில் அடிக்கப்படுகிறது என்றால் நல்ல கலை நூல் 175 முதல் 200 வரி வரை போகும். சில நூல்களில் 'ஸ்டோகாஸ்டிக்' என்று போட்டிருக்கும். புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இல்லாமல் சிதறி விழும் முறை அது. துணி நெசவு, தலைமுடி, செங்கல் சுவர் மாதிரி நுண்கோடுகள் நிறைந்த படங்களில் அலைக்கோடுகள் எழாது.

தாள் என்றால் பூச்சுள்ள மேட் தாள், 150 முதல் 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), பாதுகாப்பான தேர்வு. 115க்குக் கீழே போனால் பின்பக்கப் படம் தெரிய ஆரம்பிக்கும். இப்போது பூச்சில்லாத தாளில் (நம் அச்சகப் பேச்சில் மேப்லித்தோ வகை) அடிப்பது பரவலாகியிருக்கிறது. தொட்டால் இதமாக இருக்கும். ஆனால் மை தாளுக்குள் இறங்கிப் புள்ளி பருக்கும், நிழல் விவரம் அடைபடும். அதற்கேற்பக் கோப்பைத் திருத்தி அடித்திருந்தால் அழகு. பகல் வெளிச்சப் படங்களுக்குப் பொருந்தவும் செய்யும். இரவுக் காட்சி நூலைப் பூச்சில்லாத தாளில் பார்த்தால் நான் தயங்குவேன்.

உங்களுக்குக் கட்டுதான் தலையாய விஷயம். தையல் கட்டு என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். வெறும் 'கெட்டி அட்டை' என்பது போதாது. உள்ளே பசைக் கட்டு போட்டு மேலே கெட்டி அட்டை மாட்டிய நூல்கள் ஏராளம். நூல் கையில் வந்ததும் முதுகின் மேல் விளிம்பைப் பாருங்கள்: தாள்கள் சிறுசிறு மடிப்புக் கற்றைகளாகத் தெரிந்தால் ஃபாரம் ஃபாரமாகத் தைத்தது (ஒரு கற்றைதான் ஒரு ஃபாரம்), தனித் தாள்கள் நேராகப் பசைக்குள் போனால் பெர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது பசைக் கட்டு. 16 பக்க ஃபாரம் என்றால் 8, 9 பக்கங்களுக்கு நடுவே திறந்தால் தையல் நூலே கண்ணுக்குத் தெரியும். பசைக் கட்டு கொண்ட நூலை விரித்து விரித்துப் பார்த்தால் நடுவில் முதலில் ஒரு கோடு விழும், பிறகு அங்கிருந்தே தாள் கழன்று வரும். பசையிலும் பியூஆர் வகை என்றால் பழைய சூட்டுப் பசையைவிட நன்றாக வளைந்து கொடுக்கும். ஆனாலும் தையலுக்கு ஈடு சொல்ல மாட்டேன்.

பழையபக்கம்:
மறுபதிப்பு பற்றி. 'புதிய பதிப்பு' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. பழைய நூலை அளவு, வரிசை, அட்டை எதுவும் மாறாமல் அப்படியே எடுப்பது ஒன்று. ஒளிப்படக் கலைஞரோ அவர் அறக்கட்டளையோ திருத்திய பதிப்பு இன்னொன்று. பழைய அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து திரும்ப அடித்தது மூன்றாவது. கடைசி வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே புள்ளிகளாக அச்சான படத்தின் மேல் இன்னொரு புள்ளி வரிசை விழுந்தால் வானம், சுவர் போன்ற வெறும் பரப்புகளில் அலைகள் தோன்றும். 'மூல நெகட்டிவிலிருந்து' அல்லது 'கலைஞர் காலத்துப் பிரிண்டுகளிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்யப்பட்டது' என்ற வரி குறிப்பில் இருக்கிறதா பாருங்கள்.

ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' நல்ல உதாரணம். 1958இல் பாரிஸில் டெல்பீர் வெளியிட்ட முதல் பதிப்பில் 83 படங்களுக்கு எதிர்ப்பக்கங்களில் பல எழுத்தாளர்களின் வரிகள் இருந்தன. 1959இல் குரோவ் பிரஸ் பதிப்பில் அந்த உரைகள் போய், எழுத்தாளர் ஜாக் கெரொவாக்கின் முன்னுரை வந்தது. அதே படங்கள்தான். எதிர்ப்பக்கம் வெற்றானதும் படமே பேச ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த பதிப்புகள் இந்த அமைப்பையே தொடர்ந்தன. உங்கள் அலமாரியில் ஒரே ஒரு ஒளிப்பட நூல்தான் இருக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்; கையடக்கமான நூல், பல கைக்கும் ஒத்துவரும்.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரெஸ்ஸோனின் 1952ஆம் ஆண்டு நூலான 'தி டிசிசிவ் மொமென்ட்'டை (அட்டை ஓவியர் மத்தீஸ் வரைந்தது) ஷ்டைடல் பதிப்பகம் 2014இல் மூல வடிவிலேயே மீண்டும் கொண்டுவந்தது. வரலாற்றைத் தெரிந்துகொள்ள அருமையானது. ஆனால் கிட்டத்தட்ட 37 செ.மீ. உயரம். உங்கள் அலமாரித் தட்டின் உயரத்தை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த அளவுள்ள நூலைச் சாய்த்து வைத்தால் உள்தாள்களின் எடையே முதுகை இழுத்துக் கட்டைத் தளர்த்திவிடும், படுக்கவைக்கத்தான் வேண்டும்.

ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் 'மியூசியம் பவன்' (2017) பற்றியும் யாராவது கேட்பார்கள். பெட்டிக்குள் ஒன்பது சிறு மடிப்பு நூல்கள், ஒவ்வொன்றையும் இழுத்து விரித்தால் மேசைமேல் ஒரு கண்காட்சி. நூல் என்ற வடிவத்தை இவ்வளவு தூரம் யோசித்தவர்கள் குறைவு. பொது அலமாரிக்கு மட்டும் வேண்டாம். மடிப்புகள் கிழியும், ஒன்பதில் ஒன்று காணாமல் போகும்.

முழுக்கப் புதிதாக வருபவற்றுக்கு, பாரிஸ் ஃபோட்டோ என்ற ஒளிப்படச் சந்தையும் அப்பெர்ச்சர் அறக்கட்டளையும் 2012 முதல் நடத்தும் ஒளிப்பட நூல் விருதின் குறும்பட்டியலைப் பாருங்கள். வென்ற நூலைவிட 'முதல் ஒளிப்பட நூல்' பிரிவில் தேர்வான பட்டியல்தான் பயனுள்ளது. ஒரு எச்சரிக்கை: இவற்றில் பல சில நூறு பிரதிகளே அடிக்கப்படுபவை. பட்டியல் வந்தபின் யோசித்துக்கொண்டிருந்தால் கிடைக்காது.

கருவிழி:
மிக்க நன்றி. ஓவிய நூல்களுக்கும் இதே அளவுகோல்தானா? வடிவமைப்பில் ஒன்றிரண்டு பெயர் சொல்ல முடியுமா? வாசிப்பவர்களில் பாதிப் பேர் தமிழில் பக்கம் வடிவமைப்பவர்கள்.

தூரிகைக்கட்டை:
ஓவிய நூலுக்கு அளவுகோல் வேறு. ஒளிப்படம் தாளில் அச்சாவதற்கென்றே எடுக்கப்பட்டிருக்கலாம், ஓவியம் அப்படியல்ல. எனவே முதலில் பார்க்க வேண்டியது படக்குறிப்பு. ஆண்டு, ஊடகம், உயரம் × அகலம், இருக்கும் இடம் ஆகிய நான்கும் ஒவ்வொரு படத்துக்கும் இருக்க வேண்டும். அளவு தராத நூலில் உள்ளங்கை அளவுச் சிற்றோவியமும் சுவர் அளவுத் திரைச்சீலையும் ஒரே மாதிரி அரைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது.

மாதிரிப் பக்கத்தில் ஓவியம் பக்க விளிம்புவரை ஓடி வெட்டுப்பட்டிருந்தாலோ, ஒரு முகம் நடு மடிப்புக்குள் விழுந்திருந்தாலோ அந்த நூல் வேண்டாம். 'பகுதி' என்று குறிப்பிட்டு நெருக்கமாகக் காட்டும் படங்கள் எத்தனை என்று பாருங்கள். தூரிகைத் தடம் தெரியும் அளவுக்கு நாலைந்து பகுதிப் படம் இருந்தால் அந்த நூலைத் தயாரித்தவர் வேலை தெரிந்தவர்.

நான்கு வண்ண மையில் வராத நிறங்கள் உண்டு. தங்கத் தகடு மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும். அடர்ந்த அல்ட்ராமரீன் நீலம் ஊதாவாகச் சாயும், ஒளிரும் ஆரஞ்சு செத்துப்போகும். நிறமே பொருளாக இருக்கும் ஓவியரின் நூல் என்றால் 'ஐந்தாவது வண்ணம்', 'ஸ்பாட் கலர்' (அந்த நிறத்துக்கென்றே தனியாகச் சேர்க்கும் மை) என்று குறிப்பில் இருக்கிறதா பாருங்கள்.

இதே காரணத்துக்காக ஓவியர் யோசெஃப் ஆல்பர்ஸ் நிறங்களைப் பற்றி எழுதிய 'இண்டராக்ஷன் ஆஃப் கலர்' எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டும். 1963இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது சில்க்ஸ்கிரீனில் அடித்த பெரிய தொகுப்பு. அதன் சோதனைகளே பக்கத்துப் பக்கத்து நிறங்களின் நுட்பமான வேறுபாட்டில் நிற்பவை. இரண்டு வேறு பின்னணியில் ஒரே நிறம் இரண்டாகத் தெரிய வேண்டும். அச்சில் பின்னணி ஒரு படி வெளுத்தால் வித்தை பலிக்காது. பழைய சிறு பேப்பர்பேக்கில் வண்ணப் பக்கங்கள் மிகக் குறைவு. 2013இன் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு பரவாயில்லை, குழுவாகப் பார்க்க அதுவே போதும். கூடவே வண்ணக் காகிதக் கட்டு ஒன்றும் கத்தரிக்கோலும் வைத்துவிடுங்கள். அது படித்து முடிக்கிற நூல் இல்லை, வெட்டி ஒட்டிப் பார்க்கிற நூல்.

வரிவெளி:
வடிவமைப்பில் 'இந்த ஆண்டின் சிறந்த லோகோக்கள்' வகைத் தொகுப்புகளை விட்டுவிடுங்கள். இரண்டு வருடத்தில் பழசாகிவிடும், ஏன் அப்படி வடிவமைத்தார்கள் என்று ஒரு வரியும் இருக்காது. வரைவு, கைவிட்ட வடிவம், அளவுக் குறிப்பு இவற்றைக் காட்டும் நூலுக்கே ஆயுள்.

வடிவமைப்பாளர் யோசெஃப் முல்லர்-புரோக்மனின் கிரிட் (பக்கத்தைச் சம கட்டங்களாகப் பிரிக்கும் சட்டகம்) பற்றிய 1981ஆம் ஆண்டு நூல் இன்றும் அச்சில் இருக்கிறது, ஜெர்மனும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில். அதை வாங்கலாம். ஆனால் தமிழ்ப் பக்கம் அமைப்பவர்கள் அதிலுள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் சிக்கல். லத்தீன் எழுத்தில் 10 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்துக்கு 12 புள்ளி வரி இடைவெளி தாராளம். தமிழில் மேல்வரியின் 'கூ', 'ழு', 'ஞ' கீழே இறங்கும், கீழ்வரியின் 'கி', 'றீ' மேலே வளையும்; 12 வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்துருவைப் பொறுத்து 14, 15 வேண்டியிருக்கும். கிரிட்டின் அடிக்கோட்டு அலகை, அதாவது ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரையுள்ள தூரத்தை, முதலில் இதை வைத்து நிர்ணயித்துவிட்டு, பிறகு கட்டங்களின் உயரத்தை அதன் மடங்காக வைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் படத்தின் கீழ்விளிம்பும் பத்தியின் கடைசி வரியும் ஒருநாளும் சேராது.

பத்தி அகலமும் அப்படியே. நம்மிடம் 'எடுத்துக்கொண்டிருந்தாலும்' போன்று ஒரே சொல்லே பாதி வரி பிடிக்கும். குறுகிய பத்தியில் இருபக்கமும் சமன் செய்தால் சொற்களுக்கு இடையே ஓட்டை விழும். சொல் பிரிப்பைப் போடுங்கள், இல்லையேல் இடப்பக்கம் மட்டும் சமன் செய்யுங்கள். நூலில் உள்ள, பக்கத்துக்கு நான்கு பத்தி என்ற மாதிரிகள் தமிழுக்குப் பெரும்பாலும் மூன்று பத்தியாகத்தான் வரும்.

புதிய நூல்களின் வடிவமைப்பைத் தொடர, ஜெர்மனியின் ஷ்டிஃப்டுங் புக்குன்ஸ்ட் நடத்தும் 'உலகின் மிக அழகிய நூல்கள்' தேர்வைப் பாருங்கள். உள்ளடக்கத்துக்காக அல்ல, தாள், எழுத்து, கட்டு மூன்றும் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க.

உதிரித்தாள்:
மைக்கூடு சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். 'ஆஃப்செட் இல்லையென்றால் வேண்டாம்' என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். 100, 200 பிரதிகள் போடும் இளைஞர்களுக்கு ப்ளேட் செலவு கட்டுப்படியாகாது, டிஜிட்டலில்தான் அடிப்பார்கள். நல்ல டிஜிட்டல் எந்திரத்தில் வண்ணப் படம் குறை சொல்ல முடியாதபடி வருகிறது. பலவீனம் எங்கே என்றால், பெரிய ஒரே நிறப் பரப்பில் பட்டைபட்டையாகக் கோடு விழுவதும், டோனர் (பொடி மை) வகையில் மடிப்பின் மேல் நிறம் உதிர்வதும்தான். முள் தையல் (மடிப்பில் கம்பி முள் அடித்த கட்டு) போட்ட 48 பக்கச் சிறு நூல்கள் இரண்டு மூன்று உங்கள் அலமாரியில் இருக்கட்டும். கெட்டி அட்டைக்குப் போகும் முன் புதியவர்கள் முயன்று பார்ப்பது அங்கேதான்.

மைக்கூடு:
உதிரித்தாள் சொன்னது சரி, முள் தையல் நூலைத் தனி உறையில் போட்டு வைத்தால் போதும்.

நூல்கள் வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று. கெட்டி அட்டை நூலை நடுவில் பிளந்து திறக்காதீர்கள். முதுகை மேசைமேல் நிறுத்தி, இரண்டு அட்டையையும் கீழே சாய்த்து, முன்னிருந்து பத்துத் தாள், பின்னிருந்து பத்துத் தாள் என மாற்றி மாற்றிச் சாய்த்து, மடிப்பருகே விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். கட்டு சீராகப் பழகும்.

அப்படியே பக்க எண்களையும் சரிபாருங்கள். ஃபாரம் கோக்கும்போது ஒன்று விட்டுப்போவதும், ஒன்றே இரண்டு முறை சேர்வதும் நடக்கக்கூடியதுதான். 48க்கு அடுத்து 65 வரும், அல்லது 33 முதல் 48 வரை திரும்ப வரும். பக்க எண் போடாத ஒளிப்பட நூல் என்றால் பின்னால் இருக்கும் படப்பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இதையெல்லாம் முத்திரை குத்துவதற்கும் மேலுறை ஒட்டுவதற்கும் முன்பே முடித்துவிடுங்கள். முத்திரை விழுந்த பிரதியை மாற்றித் தரமாட்டார்கள்.