சாந்தி விருந்துக்குப் பதிலாகக் கண் சிகிச்சை முகாம்: பணத்தை எதில் செலவிடுவது?

பள்ளத்தூரான்:
எங்கள் அப்பச்சிக்கு வரும் தை மாதம் எழுபது வயது நிறைகிறது. பீமரத சாந்தியைச் செட்டிநாட்டில் எங்கள் ஊரிலேயே எளிமையாக முடித்துக்கொண்டு, விருந்தில் மிச்சப்படும் தொகையில் சுற்றுவட்டார ஏழை மக்களுக்கு இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தலாம் என்று குடும்பத்தில் பேசியிருக்கிறோம். பெரிய பந்தல், ஊரெங்கும் நோட்டீஸ், வந்தவர்கள் அனைவருக்கும் ஒரே மாதிரியான வாசிப்புக் கண்ணாடி என்பது என் திட்டம். வீட்டுப் பட்டாலை (கூடம்) விசாலமானது. கண்புரை அறுவையையும் அங்கேயே வைத்துக்கொள்ள இயலுமா? நான் கோலாலம்பூரில் இருப்பதால் நேரில் விசாரிக்க வழியில்லை.

முகாம் ஒருங்கிணைப்பாளர் (ஓய்வு):
வீட்டில் அறுவை செய்யும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கிருமித் தொற்று ஏற்பட்டால் புரை எடுத்த கண்ணே போய்விடும். ஊரில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவை தேவைப்படுவோரை அன்றே வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதுதான் இன்றைய முறை. மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பணத்தை எதில் போடுவது என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவத்தைப் பாருங்கள். 1976-இல் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. அறுவை இலவசம் என்று அறிவித்த பிறகும், பார்வை மங்கிய ஏழைகள் பலர் வரவில்லை என்பதை அவர்கள் கண்டார்கள். பேருந்துக் கட்டணமும், சாப்பாட்டுச் செலவும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும் குறுக்கே நின்றன. போக்குவரத்தையும் உணவையும் சேர்த்து ஏற்றுக்கொண்டபோதுதான் வருகை கூடியது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை மற்றொரு தடை. அதைக் குறைந்த விலையில் செய்வதற்காக 1992-இல் தொடங்கப்பட்ட அவர்களுடைய அரோலேப் நிறுவனம், இன்று பல வளரும் நாடுகளுக்கும் அனுப்புகிறது. லென்ஸ் கடல் கடந்து போகிறது; புதுவயலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் கிழவிக்கு மதுரைக்குப் போய்வரத்தான் துணையில்லை.

ஆகவே பந்தலைச் சுருக்கி வண்டிக்குக் கொடுங்கள். துணைக்கு வருபவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அழைத்து வரும் செலவையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள். புரவலர்கள் பெரும்பாலும் மறப்பது அதைத்தான்.

கொட்டான் ஆச்சி:
கண்ணாடியை இரண்டாம்பட்சமாக நினைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தவிர்த்திருக்கக்கூடிய அல்லது இன்னும் சரிசெய்யப்படாத பார்வைக் குறையோடு குறைந்தது 100 கோடிப் பேர் வாழ்கிறார்கள்; அவர்களில் 80 கோடிக்கும் அதிகமானோர் வெள்ளெழுத்துக்கு (வயதாகும்போது கிட்டத்துப் பார்வை மங்குவது) கண்ணாடி இல்லாதவர்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களுடையதைவிட ஏறக்குறைய 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இங்கே பனையோலை கீறிக் கொட்டான் என்னும் கூடை முடைபவர்களும், கண்டாங்கிச் சேலை நெய்பவர்களும், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர்களும் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். என்னோடு முடையும் ஒருவர் நாற்பத்தைந்து வயதிலேயே, "கை தளர்ந்துவிட்டது" என்று தொழிலை விட்டார். தளர்ந்தது கையன்று.

ஆனால் எல்லோருக்கும் ஒரே பவர் என்பது சரிவராது. கண்ணாடி கொடுத்ததோடு அனுப்பிவிடவும் கூடாது. கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல் பார்வையைத் தின்னும், சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பதும் தொடக்கத்தில் தெரியாது.

தேவகோட்டை ஆசிரியர்:
நான் பார்வையற்றவன். தங்கள் திட்டத்தில் முதலில் என்னை நிறுத்தியது நோட்டீஸ். பார்வை மங்கியவர்களை அச்சடித்த தாளால் அழைப்பது எப்படி ஐயா? தண்டோரா போடுங்கள், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் ஆள் விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மேலும் நம் பக்கத்து வீடுகளுக்குத் தெருவிலிருந்து ஏறும் படிகள் உயரமானவை, பிடிமானமும் இல்லை; ஒரு கயிறாவது கட்டிவிடுங்கள்.

முகாம்களில் என்னைப் போன்றவர்களிடம் "ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். என்னையும் அப்படி ஒருமுறை அனுப்பினார்கள். செய்ய நிறைய இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முழுப் பார்வையின்மையையும் குறைப்பார்வையையும் ஏற்கிறது. குறைந்தது 40 விழுக்காட்டுக் குறை இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு அரசு வேலையிலும் உயர்கல்வியிலும் இடஒதுக்கீடு உண்டு. அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதித் தர ஒருவரையும், வெள்ளைக்கோலையும் திறன்பேசியில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானையும் பழக்கிக் காட்ட ஒருவரையும் ஒரு மேசையில் உட்கார வையுங்கள். என் மாணவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு நானே வருகிறேன்.

பள்ளத்தூரான்:
அனைவருக்கும் நன்றி. நோட்டீஸ் விஷயத்தில் வெட்கப்பட்டேன். பந்தலை நிறுத்திவிட்டு இரண்டு வண்டிகளுக்குச் சொல்லியிருக்கிறோம். மறுபரிசோதனைச் செலவை அப்பச்சி தனியாக ஏற்றுக்கொண்டார். முடையும் பெண்களுக்கு எந்தப் பவர் கண்ணாடி வாங்கி வைப்பது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

கொட்டான் ஆச்சி:
முன்கூட்டி ஒரே பவரில் வாங்காமல் ஒன்றிலிருந்து மூன்று வரை கலந்து வைத்திருங்கள் தம்பி. நாங்கள் ஓலையை மடியில் வைத்து முடைகிறவர்கள். புத்தகம் பிடிக்கும் தூரம் எங்களுக்குப் பொருந்தாது. வருகிறவர்களைப் பாதி முடைந்த கொட்டானைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, அந்தத் தூரத்துக்கே பவர் பார்க்கச் சொல்லுங்கள்.