‘விரக்தி’ வேண்டாம், ‘இழுபறி’ எனலாமா?

வணக்கம்.

காந்தவியலில் வரும் ‘ஃபிரஸ்ட்ரேஷன்’ (frustration) என்ற கலைச்சொல்லுக்குத் தமிழில் ‘விரக்தி’ என்று இங்கே ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். எனக்கு ஒப்பவில்லை. விரக்தி மனத்துக்கு வருவது. 1977இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜெரார் துலூஸ் இச்சொல்லைக் காந்தங்களுக்குச் சொன்னபோது குறித்தது ஒரு நிலைமையை: காந்தத்திலுள்ள அணுக்களுக்கு இடையிலான எல்லாப் பிணைப்புகளும் கேட்பதை ஒரே நேரத்தில் கொடுக்க வழியில்லை. இதற்கு ‘இழுபறி’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பாம்பனில் நங்கூரம் போட்டுக் கிடக்கும் வத்தையை (படகை) பாருங்கள். காற்று ஒரு பக்கம் தள்ள, நீரோட்டம் எதிர்ப்பக்கம் இழுத்தால், அணியம் (படகின் முன்முனை) காற்றுக்கும் நேர்ப்படாது, ஓட்டத்துக்கும் நேர்ப்படாது. கயிறு விறைத்து முறுக, வத்தை குறுக்கே கிடந்து உருளும். நான் பிறந்து வளர்ந்த கரையில் தினம் பார்த்த காட்சி இது.

அணுக்கள் அறுகோணங்களின் மூலைகளில் அமைந்த தேனடை அணிக்கோவைக்கு (honeycomb lattice) வருவோம். (‘தேன்கூடு’ என்பதைவிட ‘தேனடை’ சரி, அறுகோண அறைகள் இருப்பது அடையில்தான்.) அதில் ஓர் அணுவுக்கு அண்டை மூன்று. ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம்; அதன் திசையைத் தருவது தற்சுழற்சி (spin). அண்டைகளின் தற்சுழற்சிகள் எதிரெதிராக நிற்க விரும்பினால் தகராறே இல்லை. அறுகோணத்தில் மேல், கீழ், மேல், கீழ் என்று ஆறும் பொருந்திவிடும். முக்கோணமாக இருந்தால்தான் மூன்றாவது அணு திண்டாடும். ஆனால் தேனடையில் அடுத்த சுற்று அண்டைகளும் எதிராக நிற்கக் கேட்டால்? குவாண்டம் விளைவுகளைச் சேர்க்காத செவ்வியல் கணக்குப்படி, அடுத்த சுற்றோடுள்ள அந்த இரண்டாவது இடைவினை, அண்டைகளோடுள்ள முதலாவதில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டியதும் மேல்-கீழ் ஒழுங்கு குலைந்து, தற்சுழற்சிகள் சுருளாகத் திரும்புகின்றன. வத்தை குறுக்கே கிடப்பதும் இதே கதைதான். 2006இல் இயற்பியலாளர் அலெக்சேய் கித்தாயெவ் தந்த தேனடை மாதிரியில் அடுத்த சுற்றுகூடத் தேவையில்லை. ஓர் அணுவின் மூன்று பிணைப்புகளும் மூன்று வெவ்வேறு அச்சுகளைக் கேட்கின்றன.

‘இழுபறி என்றால் ஒருநாள் முடிவுக்கு வந்துவிடுமே’ என்று இங்கே அம்மா ஒருவர் கேட்டிருந்தார். அதனால்தான் இந்தச் சொல் எனக்குப் பிடித்தது. தேனடை அமைப்புள்ள சோடியம் இரிடேட் என்ற சேர்மத்தில் இடைவினைகளின் வலிமை, வெப்பநிலைக் கணக்கில், ஏறத்தாழ 120 கெல்வின். இழுபறி இல்லாவிட்டால் குளிரும்போது ஏறத்தாழ அந்த அளவிலேயே ஒழுங்கு வந்திருக்கும். காந்த ஒழுங்கு அமைவதோ 15 கெல்வின் அருகில். முடிவு வரத்தான் செய்கிறது, ஆனால் அவ்வளவு தள்ளிப்போகிறது. ‘தொகுதிப் பங்கீட்டில் இழுபறி’ என்று செய்தித்தாள் எழுதும்போது நாம் புரிந்துகொள்வதும் இந்தத் தாமதத்தைத்தானே?

‘இழுபறிக் காந்தம்’ (frustrated magnet), ‘வடிவ இழுபறி’ (geometric frustration) என்று ஒட்டுவதற்கும் இடறவில்லை. கடைசிவரை ஒழுங்கே அமையாத ‘தற்சுழற்சி நீர்ம’த்துக்கு (spin liquid) மட்டும் ‘தீரா இழுபறி’ என்று அடைமொழி சேர்க்கலாமா என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.