ஒரு ஆள் மூன்று தடவை வந்தால் மூன்று சேவையா? அரச அலுவலக மாற்றத் திட்டங்கள் பற்றி ஒரு கேள்வி

முதிரை:
வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் 11 வருடமாக அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்களுக்கு இப்போது மூன்றாவது மாற்றத் திட்டம் வரப்போகிறது.

முதலாவது உற்பத்தித்திறன். ஐந்து எஸ் முறை என்று கோப்புகளுக்கு நிறம் ஒட்டினோம், இறாக்கைகளை ஒழுங்குபடுத்தினோம். கோப்புத் தேடும் நேரம் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் விருது மதிப்பீடு முடிந்த பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாவது கணினிப் பதிவு. இரவு ஏழு மணிவரை இருந்து ஏற்றினோம். பழைய பதிவேட்டை நிறுத்துங்கள் என்று மட்டும் எந்தக் கடிதமும் வரவில்லை. கணக்காய்வுக்கு வந்தவர்களும் பதிவேட்டைத்தான் கேட்டார்கள். இன்றுவரை ஒரே விபரத்தை இரண்டு இடத்தில் எழுதுகிறோம்.

போன மாதம் ஒரு அம்மா காணி அனுமதிப்பத்திர விடயமாக வந்தார். கணவர் இறந்துவிட்டார், பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றவேண்டும். முதல் நாள் காணி உத்தியோகத்தர் வெளிக்களத்தில். இரண்டாம் நாள் விவாகப் பதிவுச் சான்றிதழ் இல்லை என்றோம். மூன்றாம் நாள் விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தில் மேலொப்பம் இல்லை. மூன்று நாள் கூலி போயிற்று. மாத அறிக்கை தயாரிக்கும்போதுதான் பார்த்தேன்: அவருடைய மூன்று வரவும் ‘வழங்கப்பட்ட சேவைகள் 3’ என்று ஏறியிருந்தன. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதிய திட்டத்துக்கு எங்களிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதலாம். எதை எழுதினால் பயன் இருக்கும்?

பழைய எழுதுவினைஞர்:
தங்கச்சி, நான் கிளிநொச்சிப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் சனம் இன்னும் பிரதேச செயலகத்தை ஏஜிஏ (உதவி அரசாங்க அதிபர்) கந்தோர் என்றுதான் சொல்லும். 1992இல் 58ஆம் இலக்கச் சட்டம் வந்து, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடந்த பல வேலைகளைப் பிரதேச செயலாளரிடம் இறக்கியது. என் சேவைக்காலத்தில் நான் கண்ட மாற்றங்களில் வேர் பிடித்தது அதுதான். காரணம், கையொப்பமிடும் அதிகாரமே இடம் மாறியது. மற்றதெல்லாம் சுவரில் பலகையாக வந்தது, பெயின்ற் அடிக்கும்போது கழற்றப்பட்டது.

ஆகவே எந்தக் கையொப்பம் எந்த மேசைக்கு இறங்கவேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இன்னொன்று, புதிய முறை தொடங்கும் திகதியிலேயே பழைய பதிவேட்டை மூடச்சொல்லி ஒரு சுற்றறிக்கை வேண்டும். கணக்காய்வுக்காரருக்கும் அதன் பிரதி போகவேண்டும். அது கையில் இல்லாமல் எந்த எழுதுவினைஞரும் பழைய கொப்பியை விடமாட்டார், விடவும் கூடாது. நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

மொழியையும் விட்டுவிடாதீர்கள். 1987இல் 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் அரசகரும மொழி. அப்படியிருந்தும் சிங்களத்தில் வந்த அறிவுறுத்தலை நாங்கள் ஆளுக்கு ஒரு விதமாக விளங்கிக்கொண்டு வேலை செய்த காலம் உண்டு. அப்போது ஒரே படிவத்துக்கு இரண்டு கந்தோரில் இரண்டு பதில் கிடைத்தது.

வயல்வரம்பு:
நான் கமக்காரர் அமைப்பில் இருக்கிறேன், மல்லாவிப் பக்கம். எங்களுக்குக் கச்சேரி அலுவல் என்றால் மாங்குளம் வந்து பஸ் மாறி, ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவு போகவேண்டும். ஒரு நாள் போய்விடும். ‘நாளைக்கு வாங்கோ’ என்று சொல்பவருக்கு அது தெரிவதில்லை.

2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித் திட்டத்தின் பட்டியல் வந்தபோது மேன்முறையீட்டை இணையத்தில் செய்யலாம் என்றார்கள். நல்லதுதான், ஆனால் எங்கள் கிழவிமார் கொமினிக்கேசன் கடையில் காசு கொடுத்துத்தான் நிரப்பினார்கள். அதே சனத்துக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடமாடும் சேவை வைத்தால் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டை விண்ணப்பமும் ஒரே நாளில் சரிவருகிறது. விதானையார், பதிவாளர், காணிப் பகுதி எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பதால் ஒருவரிடம் வாங்கிய கடிதத்தை அடுத்த மேசையில் கொடுக்கலாம். வருடத்தில் ஒரு நாள் முடிவதை ஏன் மாதத்தில் ஒரு நாள் செய்ய முடியாது என்று எழுதுங்கள்.

பாலைமரம்:
அறிக்கை பற்றி மட்டும் சொல்கிறேன். பிரித்தானியாவில் 2001இல் அரச சேவை இலக்குகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்கவே பிரதமருக்குக் கீழே ஒரு சிறு பிரிவு தொடங்கினார்கள். அவர்கள் எடுத்த இலக்குகளில் ஒன்று, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடிப்பது. நோயாளி காத்திருக்கும் நேரத்தையே அளந்தார்கள். நீங்களும் ‘வழங்கிய சேவைகள்’ என்ற நிரலை எடுத்துவிட்டு, ‘ஒரு அலுவல் முடிய எத்தனை வரவு’ என்று கேட்கச் சொல்லுங்கள். திட்டம் வருமுன்பே எண்ணத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது. காணி அனுமதிப்பத்திரம் ஒன்றை மட்டும் எடுத்தாலே போதும்.

முதிரை:
எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன பதிவேட்டு விடயத்தை முதல் பந்தியிலேயே வைத்துவிட்டேன். மாதம் ஒரு நாள் மண்டபம் என்பதையும் சேர்த்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் முன்மேசையில் ஒரு கொப்பி வைத்து, வருபவரிடம் ‘இந்த அலுவலுக்கு இது எத்தனையாவது தடவை?’ என்று கேட்டு எழுதுகிறோம். சிலர் பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

அந்த அம்மாவின் கோப்பு நேற்று பிரதேச செயலாளரின் மேசைக்குப் போய்விட்டது. முடிந்ததும் நானே போன் பண்ணிச் சொல்வேன். அதுவரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.