ஆய்வேடு முடியும் முன்பே ஆற்று நீரின் அளவீடுகளை வலைப்பதிவில் எழுதலாமா?

உம்கேனிக்கரை (டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். உம்கேனி ஆற்றிலும் அது கடலில் கலக்கும் புளூ லகூன் பகுதியிலும் நீர் மாதிரி எடுத்து, அதில் வளரும் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் எவ்வளவு பங்கு வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காமல் நிற்கிறது என்று பார்ப்பது என் ஆய்வு.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் சேதமடைந்து, கடற்கரைகள் மூடப்பட்டதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு என் தாத்தாவின் அஸ்தியைக் கரைக்கப் போனபோது, நீரில் இறங்கலாமா என்று வீட்டார் என்னிடம் கேட்டார்கள். நுண்ணுயிரியல் படித்த பெண் என்பதால் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு அந்த ஒரு காலைப் பொழுதே காரணம்.

இப்போது 14 மாத மாதிரிகளின் அளவீடுகள் கையில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை எங்கே, எப்படி மாதிரி எடுத்தேன், என்ன கிடைத்தது, எது தவறிப்போனது என்று இணையத்தில் எழுத விரும்புகிறேன். இதழில் கட்டுரை வந்த பிறகு எழுதலாம் என்கிறார் என் நெறியாளர். அவர் என் நன்மைக்காகவே சொல்கிறார் என்பது தெரியும். ஆனால் கட்டுரை வெளிவர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வேறு குழு முந்திக்கொள்ளுமோ, இதழ்கள் பின்னர் கட்டுரையை மறுக்குமோ என்ற அச்சங்களைவிட, என் எண் பிற்பாடு மாறிவிட்டால் அதை நம்பியவர்களுக்கு நான் என்ன சொல்வேன் என்பதே என்னை அதிகம் உறுத்துகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வரிசையாளர்

தங்கையே, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு நம் ஊரிலேயே ஒரு விடை இருக்கிறது.

2021 டிசம்பர் 7 அன்று, டர்பனில் உள்ள ஆப்பிரிக்க நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தின் அலெக்ஸ் சிகல் குழு, கொரோனாவின் ஒமிக்ரான் திரிபு ஃபைசர் தடுப்பூசி தந்த எதிர்ப்பைத் தாண்டுகிறதா என்ற சோதனையின் முடிவை, எந்த இதழின் மதிப்பாய்வுக்கும் (துறையறிஞர் பிறர் சரிபார்ப்பதற்கும்) காத்திராமல் இணையத்தில் வைத்தது. சோதிக்கப்பட்டது 12 பேரின் குருதிநீர் மட்டுமே. வைரஸை முடக்கும் திறன் 41 மடங்கு குறைந்தது என்பது அவர்கள் தந்த எண். பின்னர் அதே ஆய்வு நேச்சர் இதழில் வந்தபோது அந்த எண் 22 மடங்காக இருந்தது. எண் ஏறத்தாழப் பாதியானது. ஆனால் அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாளிலேயே எத்தனை பேரிடம் சோதித்தோம் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். எதிர்ப்பாற்றல் பெருமளவு குறைகிறது, ஆனால் முழுவதும் போய்விடவில்லை என்ற சாரம் இரண்டு வடிவங்களிலும் மாறவில்லை. உலகம் முழுவதும் மூன்றாவது தவணைத் தடுப்பூசி பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்த அந்த வாரங்களில், அந்தச் சிறிய ஆய்வு வந்து சேர்ந்த நேரமே அதன் மதிப்பு.

ஆகவே எண் மாறுவது குற்றமாகாது. எத்தனை மாதிரி, எந்தத் தேதி, எந்த முறை என்பவற்றைப் பிரித்துவிட்டு எண்ணை மட்டும் தனியே உலவவிடுவதுதான் குற்றம். உங்கள் துறையில் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். மாதிரியை எடுத்து, வளர்ப்பூடகத்தில் (பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக் கலவையில்) வைத்து, அதில் தோன்றும் பாக்டீரியாக் கூட்டங்களை எண்ணுவதற்குள் மறுநாள் ஆகிவிடுகிறது. அதற்கிடையே ஒரு மழை பெய்தால் ஆறு வேறு ஆறாகிவிடும். எனவே "இன்று நீரில் இறங்கலாமா" என்ற கேள்விக்கு உங்கள் பதிவு ஒருபோதும் விடையாகாது என்பதை ஒவ்வொரு பதிவின் முதல் பத்தியிலும் எழுதுங்கள். மழைக்குப் பிந்தைய நாட்களில் எண்கள் எப்படி ஏறுகின்றன, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவின் பங்கு எந்தப் பருவத்தில் கூடுகிறது என்பவற்றை உங்கள் 14 மாதத் தொடர் சொல்ல முடியும். அது மக்களுக்கும் பிற ஆய்வாளர்களுக்கும் உண்மையிலேயே பயன்படும்.

முந்திக்கொள்வார்கள் என்ற அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தேதியிட்ட பொதுப் பதிவு உங்களுக்கே சாட்சி. 2009 தொடக்கத்தில் கணிதவியலாளர் திமோதி கவர்ஸ் தம் வலைப்பதிவில் தீராத கணக்கு ஒன்றை எல்லார் முன்னிலையிலும் வைத்து, யாரும் வந்து கைகொடுக்கலாம் என்றார். சில வாரங்களில் அது தீர்ந்தது. யார் எந்தக் கருத்தை எப்போது சொன்னார் என்பது பின்னூட்டங்களின் நேரக் குறிப்பிலேயே இருந்ததால், அங்கே களவுக்கு இடமில்லாமல் போனது. உங்கள் வேலைக்கு ஜெனோடோ போன்ற களஞ்சியம் பொருத்தமானது. ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்துவது, கட்டணம் இல்லை, தரவுத் தொகுப்புக்கு நிலையான அடையாள எண்ணும் தேதியும் தருகிறது, திருத்திய வடிவத்தை ஏற்றினாலும் பழைய வடிவத்தை அழிப்பதில்லை. வலைப்பதிவில் விளக்கத்தை எழுதி, எண்களை அங்கே வையுங்கள்.

ஒரு கசப்பையும் மறைக்கக் கூடாது. 2021 நவம்பர் 25 அன்று புதிய திரிபு பற்றி நம் நாட்டு அறிவியலாளர்கள் வெளிப்படையாக அறிவித்தார்கள். மறுநாள் உலக நலவாழ்வு நிறுவனம் அதற்கு ஒமிக்ரான் என்று பெயரிட்டது. ஆனால் அறிவித்த அன்று இரவே பிரிட்டன் இப்பகுதி விமானங்களுக்குத் தடை விதிப்பதாகச் சொல்லிவிட்டது, பல நாடுகள் பின்தொடர்ந்தன. விமானம் நின்றால் மரபணு வரிசைப்படுத்தலுக்கு வேண்டிய வேதிப்பொருள்களே வந்து சேராது என்று இங்குள்ள மரபணு ஆய்வாளர் டூலியோ டி ஒலிவெய்ரா அப்போது பொதுவெளியில் எச்சரித்தார். உண்மையை முதலில் சொன்னவர்கள்மேல் முதல் சுமை விழுந்தது. போட்ஸ்வானாவிலும் இங்கும் இருந்த ஆய்வுக்கூடங்கள் மரபணு வரிசைகளை உடனே உலகத் தரவுத்தளத்தில் ஏற்றியிராவிட்டால், பிற நாடுகள் தம் மாதிரிகளில் அதைத் தேடத் தொடங்கவே நாளாகியிருக்கும். அப்படிப் பார்த்தால் அவர்கள் செய்தது சரி. ஆனாலும் நீங்கள் எந்தக் கரையைப் பெயர் சொல்லி எழுதுகிறீர்களோ, அங்கே கடை வைத்திருப்பவரும் மீன் பிடிப்பவரும் அதன் விலையைக் கொடுப்பார்கள் என்பதை எழுதும்போது நினைவில் வைத்திருங்கள்.

மஞ்சள்பாறை (ஜோகன்னஸ்பர்க்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நாட்குறிப்பையும் முடிவுரையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

2013 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகில் ரைசிங் ஸ்டார் குகையில் தொல்மானிடவியலாளர் லீ பெர்கரின் குழு தொல்மனித எலும்புகளை எடுத்தபோது, அன்றன்று நடந்ததை இணையத்தில் எழுதிக்கொண்டே இருந்தது. மிகக் குறுகிய பாறை இடுக்கின் வழியே ஆறு பெண் ஆய்வாளர்கள் இறங்கியதை உலகம் நாள்தோறும் வாசித்தது. ஆனால் அது எந்த இனம் என்ற முடிவை அவர்கள் அப்போது சொல்லவில்லை. 1,500க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளை ஆராய்ந்து, ஹோமோ நலேடி என்ற பெயரோடு ஈலைஃப் இதழில் 2015 செப்டம்பரில் வெளியிட்டார்கள்; எலும்புகளின் முப்பரிமாண வடிவங்களையும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள்.

2023இல் அதே குழு, ஹோமோ நலேடி தன் இறந்தோரைப் புதைத்தது என்ற கூற்றை மதிப்பாய்வு முடியும் முன்பே பெரிய செய்தியாக அறிவித்தது. சான்றுகள் போதவில்லை என்ற மதிப்பாய்வாளர்களின் கருத்துகள் பிறகு கட்டுரையுடனேயே வெளியாயின. ஈலைஃப் அவற்றை மறைக்காமல் வெளியிட்டது மிக நல்ல நடைமுறை. ஆனால் முதல் செய்தியை வாசித்த பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மதிப்பாய்வுகளைத் தேடிப் படித்திருப்பார்கள்? அருங்காட்சியகத்தில் என்னிடம் வரும் பிள்ளைகள் இன்றும் அதை உறுதியான உண்மையாகவே சொல்கிறார்கள்.

எனவே மாதிரி எடுத்த கதையையும் முறையையும் தடையின்றி எழுதுங்கள். "இந்த ஆறு இந்த நோயைப் பரப்புகிறது" என்பது போன்ற வாக்கியம் மட்டும் மதிப்பாய்வுக்குக் காத்திருக்கட்டும்.

சட்டம் படித்தவள்

சுருக்கமாக இரண்டு செய்திகள். அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளின் அறிவுசார் உடைமைக்கு இந்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 51ஆம் எண் சட்டம் பொருந்தும். காப்புரிமைக்குத் தகுதியானது எதையேனும் கண்டுபிடித்திருந்தால், பொதுவில் வைக்கும் முன் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்; நம் காப்புரிமைச் சட்டத்தில் முன்பே வெளியானது புதியதாகக் கருதப்படாது. ஆற்று நீரின் எண்களுக்கு இந்தச் சிக்கல் வரப்போவதில்லை. நீங்களே ஒரு புதிய சோதனைக் கருவியைச் செய்திருந்தால் வரும்.

மற்றது, கரையில் நீங்கள் பேசிய மக்களின் பெயர், படம், உடல்நலம் பற்றிய குறிப்பு எதையும் இசைவின்றி எழுதாதீர்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமும் உங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வலைப்பதிவுக்கும் பொருந்தும்.

உம்கேனிக்கரை

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. கருவி எதுவும் இல்லை; அனைவரும் பயன்படுத்தும் முறையே. ஓர் ஐயம் மீதமிருக்கிறது. இங்கே ஏற்பளிக்கப்பட்ட இதழ்களில் வரும் கட்டுரைக்குத்தான் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. வலைப்பதிவுக்கு எதுவும் இல்லை. இதற்குச் செலவிடும் நேரத்தை என் நெறியாளரிடம் எப்படி நியாயப்படுத்துவது?

வரிசையாளர்

மானியத்தின் மொழியில் நியாயப்படுத்த முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் இதழ் மறுக்குமோ என்ற அவர் அச்சத்தைப் போக்கலாம். நேச்சர், பிளோஸ், ஈலைஃப் உள்ளிட்ட பல இதழ்கள் முன்பதிப்பாக (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில்) வந்ததை மறுப்பதில்லை. நீங்கள் அனுப்ப நினைக்கும் இதழின் விதியை அச்செடுத்து அவர் மேசையில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். பிழைகள் முன்கூட்டியே பிடிபடும். 2010 டிசம்பரில், கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த பாக்டீரியா பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைத் தன் டி.என்.ஏ.வில் சேர்க்கிறது என்று சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. இரண்டே நாளில் கனடாவின் ரோசி ரெட்ஃபீல்ட் அதன் குறைகளைத் தம் வலைப்பதிவில் விரிவாக எழுதினார். அதோடு நிற்காமல் தாமே சோதனையைத் திரும்பச் செய்து, ஒவ்வொரு கட்டத்தையும், வளராமல் போன வளர்ப்புகளையும்கூட, அங்கேயே பதிந்தார். 2012இல் அந்த மறுப்பு அதே சயன்ஸ் இதழில் வந்தது. மூலக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது 2025இல்தான். உங்கள் வளர்ப்பூடகத்தில் பிழை இருந்தால் அதை ஆய்வேட்டின் தேர்வாளர் சொல்வதைவிட, கேப் டவுனிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒருவர் இந்த மாதமே பின்னூட்டத்தில் சொல்வது மேல் அல்லவா?

பாடசாலை ஆசிரியை (சாட்ஸ்வொர்த்)

அம்மா, நான் அறிவியல் படித்தவள் அல்ல. மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என்னிடம் ஞாயிறுதோறும் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளின் பெற்றோரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் மிகக் குறைவு. ஆற்றில் இறங்கும் நம் குடும்பங்கள் அறிய வேண்டுமானால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். கரையில் நம்மைவிட மிகுதியாக இருக்கும் அண்டை வீட்டாருக்காக அவர்களின் இசிசூலு மொழியிலும் ஒரு பத்தி வேண்டும். அதற்குப் பிறகு தமிழிலும் எழுதுங்கள். நம் பிள்ளைகள் தமிழில் படிப்பதெல்லாம் தேவாரமும் ஆத்திசூடியுமாகவே இருக்கிறது. தாங்கள் பார்த்த ஆற்றைப் பற்றி, தங்கள் ஊர்ப் பெண் எழுதிய நான்கு பத்தி கிடைத்தால் நான் அதைப் பாடமாகவே வைப்பேன். "மருந்துகளுக்கு அடங்காமல்" என்று முதல் பதிவில் எழுதினீர்களே, அது என் பிள்ளைகளுக்குப் புரியும்.

உம்கேனிக்கரை

ஆசிரியை அம்மா, உங்கள் சொற்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வியாழக்கிழமை நெறியாளரைச் சந்திக்கிறேன். முதல் பதிவின் வரைவையும் இதழின் விதியையும் கொண்டுபோகிறேன். அதில் மாதிரி எடுக்கும் முறையும், முதல் ஆறு மாதத்தின் எண்களும், ஒவ்வொன்றுக்கும் முந்தைய மூன்று நாள் மழையளவும் இருக்கும். குளிர்பெட்டி பழுதாகி வீணான ஒரு மாத மாதிரிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இடங்களின் பெயரைச் சொல்வதா, குறியீடு இடுவதா என்பதை அவரோடு பேசிய பிறகு இங்கே வந்து சொல்கிறேன்.